குணமான முட்டியால் வந்த வினை

செலின் மேரிக்கு முட்டி வலி குணமாகிவிட்டது. இந்த விஷயம் சவேரியார்குப்பத்தில் அவள் ஒருத்தியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்துவிடக் கூடாதே என்று அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது "ஐயோ மாதாவே!" என்று ஒரு முனகல். வாசலுக்கு வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. தெருவில் யாராவது நின்று பார்த்தால் அவர்களுக்கென்று தனியாக ஒன்று. இடது காலை இழுத்து இழுத்து அவள் நடக்கிற நடையைப் பார்த்தால் கல்நெஞ்சுக்காரனுக்கும் கண் கலங்கும். ஆள் நடமாட்டம் இல்லாத மத்தியானத்தில் அதே கால்கள் அடுப்படிக்கும் தோட்டத்துக்கும் சிட்டாய்ப் பறக்கும்.

வலி வந்தது நிஜம்தான். அதில் ஒரு சொல் பொய் கிடையாது. எழுபத்தி மூணாம் வருஷத்து ஐப்பசி மழையில் ரெண்டு முட்டியும் பிடித்துக்கொண்டு வீங்கிவிட்டன. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. புருஷன் அல்போன்ஸ் அவளை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து, வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு மிதித்துக்கொண்டு போய் ஒரு டாக்டரிடம் காட்டினார். டாக்டர் காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். "எலும்பு தேயுதும்மா. மாத்திரை தர்றேன். ஆனா உடம்பைக் குறைக்கணும், வாயைக் கட்டணும்" என்றார். அந்தக் கடைசி வார்த்தை செலின் மேரிக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அந்த டாக்டரின் தொப்பையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்தால் ஊரே டாக்டராகிவிட்டிருந்தது. ஆளாளுக்கு ஒரு வைத்தியம். நொச்சி இலையை வேப்பெண்ணெயில் வதக்கி ஒத்தடம் கொடு என்றார்கள். கொள்ளு ரசம் வை என்றார்கள். உருளைக்கிழங்கு, வாழைக்காய், மொச்சை எல்லாம் வாயு, கிட்டே சேர்க்காதே என்றார்கள். புளியைக் குறை, கருவாட்டைக் கண்ணால்கூடப் பார்க்காதே என்றார்கள். கருவாடு என்றதும் செலின் மேரிக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை பேருக்கும் மேலே பக்கத்து வீட்டு அமுதம் இருந்தாள். கரும்பு போட்டிருக்கும் வீட்டுக்காரி, வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். அவள் ஒரு முறம் முடக்கத்தான் கீரையைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுச் சொன்னாள்.

"யக்கா, அரிசியோட இத்தப் பச்சையா அரைச்சி அடை சுட்டுத் தின்னு. கசக்கும், தின்னு. வாரத்துக்கு ரெண்டு தபா பிரண்டத் தொவையல். தை பொறக்கறதுக்குள்ள நீ ஓடலன்னா எம்பேரு அமுதம் இல்ல."

அரைப்பது யார்? செலின் மேரியால் அம்மியிடம் உட்கார முடியாது. ஒரே மகளைப் பாகூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. மீதி இருந்தது அல்போன்ஸ். கல்யாணமான நாளிலிருந்து உப்பு எந்தச் சட்டியில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமலே மில்லுக்குப் போய்வந்த மனுஷன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அம்மி முன்னால் உட்கார்ந்தார். கையில் எண்ணெய் தடவிக்கொள்ளாமல் பிரண்டையை நார் உரித்துவிட்டு, அரிப்புத் தாங்காமல் ராத்திரி சாப்பாடு வரைக்கும் கையைச் சுவரில் தேய்த்துக்கொண்டே திரிந்தார். முதல் அடை கல்லோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது அடை தோசைத் திருப்பியோடு ஒட்டிக்கொண்டது. மூன்றாவதை அவரே ருசி பார்த்துவிட்டு, "பாவம்டி நீ" என்று சொல்லி அவள் தட்டில் வைத்தார்.

அமுதத்திடம் ஒரு முடக்கத்தான் கொடி வாங்கி வந்து வேலியில் ஏற்றிவிட்டு அதற்கு அவரே தண்ணீரும் ஊற்றினார். நல்லெண்ணெய், வேப்பெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் ஒன்றாக விட்டு, பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, சாயங்காலம் ஆனால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் முட்டியில் தேய்ப்பார். தேய்க்கிற நேரம் எல்லாம் பேசுவார். இந்த மனுஷனுக்கு இவ்வளவு பேச வரும் என்பதே செலின் மேரிக்கு அதுவரை தெரியாது. பஞ்சு மூட்டை மேல் படுத்துத் தூங்கிய மேஸ்திரியை மூட்டையோடு சேர்த்து எடை போட்ட கதையைச் சொல்வார். அவளை முதன்முதலில் பார்த்த கதையையும் இத்தனை வருஷம் கழித்து அந்தக் கட்டிலில்தான் சொன்னார்.

"மாதா கோயில் திருநாள்ல நீ கரும்பு கடிச்சினு நின்ன. கடிச்ச கடியில எனக்கு வேர்த்துப்போச்சி. இவளக் கட்டிக்கினா ஜென்மத்துக்கும் எதுத்துப் பேச முடியாதுடா அல்போன்சு, அப்டின்னு அன்னைக்கே நெனச்சன்."

"அப்பறம் இன்னாத்துக்குக் கட்டிக்கினீங்களாம்?"

"தோ, இத்தக் கேப்பன்னுதான்" என்று சொல்லி அவர் முட்டியை ஒரு அழுத்து அழுத்துவார். அவள் வலியிலும் சிரிப்பிலும் ஒன்றாகக் கத்துவாள். முன்பெல்லாம் அந்த நேரத்துக்கு அவர் தென்னந்தோப்புக் கள்ளுக்கடையில் இருப்பார். வீடு திரும்பினால் சாப்பாடு, தூக்கம், அவ்வளவுதான். இப்போது கள்ளுக்கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. செலின் மேரிக்கு முட்டி வலித்தது. ஆனால் அவள் அவ்வளவு சந்தோஷமாக முன்னெப்போதும் இருந்ததில்லை.

தை பிறந்தது. அமுதம் சொன்ன சொல் பலித்தது. ஒரு நாள் காலையில் எழுந்து நின்றாள், வலிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து பார்த்தாள், வலிக்கவில்லை. எழுந்து ஒரு குதி குதித்தாள். அடுத்த நொடி அவளுக்குப் பகீர் என்றது.

இந்த முட்டி குணமானால் எண்ணெய் தேய்ப்பது நின்றுபோகும். அது ஒன்று. இன்னொன்று, வேண்டுதல்.

கார்த்திகையில் வலி தாங்காமல் கோயிலில் போய் அழுதபோது அந்த வினையை அவளே தேடிக்கொண்டாள். கண் வலிக்காரர்கள் வெள்ளியில் கண்மலர் வைக்கிறார்கள். பிள்ளை கேட்டவர்கள் தொட்டில் கட்டுகிறார்கள். எந்த இடத்தில் நோவோ அந்த இடத்தால்தானே காணிக்கை கொடுக்க வேண்டும் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டாள். "மாதாவே, எம்முட்டி செரியாச்சின்னா ரோட்டு கெபியில இருந்து பீடம் வரைக்கும் முட்டிபோட்டே வந்து சேர்றன்!" என்று நேர்ந்துகொண்டாள். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு மெதுவாகப் பேசிப் பழக்கம் இல்லை. பூசைக்கு வந்திருந்த சனம் முழுக்கக் கேட்டது.

அன்றைக்கு ரோட்டோரத்து மாதா குகையான அந்தக் கெபியிலிருந்து கோயில் வரைக்கும் வழி பூராவும் மணல். மெத்தை மாதிரி இருக்கும். மார்கழியில் ரோடு போடக் கான்ட்ராக்ட் எடுத்த ஒரு ஆள் லாரி லாரியாக ஜல்லியைக் கொண்டுவந்து கொட்டிப் பரப்பிவிட்டுப் போனார். தாரும் ரோலரும் பின்னால் வரும் என்றார்கள். பின்னால் என்றால் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. செருப்புப் போட்ட காலே அந்த ஜல்லியில் தள்ளாடியது. செலின் மேரி அதைப் பார்த்தாள், தன் முட்டியைப் பார்த்தாள், மறுபடியும் நொண்ட ஆரம்பித்தாள்.

அவளைக் காட்டிக்கொடுத்தது அமுதத்தின் ஆடு. ஒரு சாயங்காலம் அது கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து வேலியில் இருந்த முடக்கத்தான் கொடியைப் பிடித்து இழுத்தது. அல்போன்ஸ் பிள்ளை மாதிரி வளர்த்த கொடி. செலின் மேரிக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பாய்ந்தாள். ஆடு வாயில் கொடியோடு தெருவில் ஓடியது. புடவையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் ஓடினாள். வாய்க்கால் வந்தது. ஆடு தாண்டியது. அவளும் தாண்டினாள். தாண்டி அந்தப் பக்கம் போய் நின்று விளக்குமாற்றை ஓங்கியபோதுதான், எதிரே செபமாலை முடிந்து வந்த பெண்கள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

"அம்மாடி..." என்று சொல்லி இடது காலைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நேரம் கடந்துவிட்டது.

"புதுமை! மாதா புதுமை பண்ணிட்டா!" என்று ஒருத்தி அற்புதத்தைக் கண்டவளாய்க் கத்தினாள். அவ்வளவுதான். யாரோ ஓடிப்போய்க் கோயில் மணியை அடித்தார்கள். வயலில் இருந்தவர்கள் மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள். எல்லாருமாகச் சேர்ந்து அவளை வீட்டு வாசலுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மில்லிலிருந்து திரும்பிய அல்போன்ஸ், தன் வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு, "ஐயோ செலினு, என்னை வுட்டுப் பூட்டியே!" என்று மாரில் அடித்துக்கொண்டு வந்தார். கூட்டம் விலகியது. செலின் மேரி விளக்குமாற்றோடு நின்றாள். நடந்ததைச் சொன்னார்கள். அவர் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், பிறகு எல்லார் முன்னாலும் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவளுக்கு அப்போது ஆட்டின் மேல் இருந்த கோபம்கூடப் போய்விட்டது.

"மாதா புதுமைன்னா எங்கீரைக்கு இன்னா பேராம்?" என்று அமுதம் மட்டும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். பங்குச் சாமியார் வந்தார். சிரித்துக்கொண்டே, "கீரையும் மாதா தோட்டத்துலதாம்மா மொளைக்குது" என்றார். அமுதம் அது தன் தோட்டத்தில் முளைத்தது என்று சொன்னாள். இந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை.

சாமியார் நல்லவர். ஜல்லியையும் பார்த்தார், செலின் மேரியின் முகத்தையும் பார்த்தார். "வேண்டுதலை மாத்திக் குடுக்க எனக்கு அதிகாரம் இருக்கும்மா. இந்த ஜல்லியில வேணாம். கோயிலுக்குள்ள ஒக்காந்து ஒரு செபமாலை சொல்லு, போதும்" என்றார். செலின் மேரிக்குத் தலையில் இருந்த பாறாங்கல்லை இறக்கிவைத்தது போல இருந்தது. ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லி முடித்துவிட்டு, துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் அல்போன்ஸ் இல்லை. சந்தோஷத்தைக் கொண்டாடக் கள்ளுக்கடைக்குப் போயிருந்தார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாள் கொண்டாட்டம் எதுவும் இல்லை, இருந்தும் போனார். எண்ணெய்ச் சட்டி அடுப்புத் திண்டில் தொடாமல் கிடந்தது. அம்மி மறுபடி அவள் பொறுப்பாகிவிட்டது. சாப்பாடு, தூக்கம், குறட்டை. குணமான ரெண்டு முட்டியையும் நீட்டிக்கொண்டு செலின் மேரி கட்டிலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். யாராவது செத்துப்போன வீடு மாதிரி இருந்தது அவளுக்கு.

"எனக்கு மறுபடியும் லேசா வலிக்கறாப்பல இருக்குதுங்க" என்று ஒரு நாள் காலையில் சொல்லிப் பார்த்தாள். அல்போன்ஸ் பதறிப்போய்ச் சிலுவை போட்டுக்கொண்டார். "அப்டி சொல்லாதடி! மாதா செரி பண்ணத நீ இல்லன்றியா?" தெருவில் லேசாக நொண்டிப் பார்த்தாள். கடைக்காரர் பவுல்ராஜ், "இன்னாம்மா இது, புதுமைய அவமானம் பண்ற?" என்று கண்ணை உருட்டினார். ஊர் அவளை இனி நொண்டவே விடாது. பொய்யாக வலிக்க வழியில்லை என்றால் நிஜமாகவே வலிக்க வேண்டியதுதான் என்று முடிவு கட்டினாள்.

அன்றையிலிருந்து வைத்தியம் தலைகீழாக நடந்தது. எதையெல்லாம் தொடாதே என்றார்களோ அதையெல்லாம் தேடிப் பிடித்துத் தின்றாள். காலையில் உருளைக்கிழங்குப் பொரியல். மத்தியானம் மொச்சைக்கொட்டை போட்டுக் கருவாட்டுக் குழம்பு, அதில் கையளவு புளி. சாயங்காலம் வாழைக்காய் வறுவல். பழைய சோறு. பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரப் புடவையோடு காற்றில் நின்றாள். முடக்கத்தானைத் தின்ன ஆட்டுக்கே கொடுத்துவிட்டாள். கருவாட்டுக் குழம்பு அமிர்தமாக இருந்தது, அதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் முட்டி அசைந்துகொடுக்கவில்லை. வயிறுதான் உப்பிக்கொண்டு கடமுடா என்றது. கோயிலில் மௌனமாகச் செபிக்கிற நேரம் பார்த்து அந்தச் சத்தம் முன்வரிசை வரைக்கும் போனது.

பாக்கி இருந்தது ஜல்லி ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மணி அடிக்கும்போது செலின் மேரி கெபி முன்னால் முட்டிபோட்டாள். சாமியார் ஓடிவந்து, "நான்தான் மாத்திக் குடுத்துட்டனேம்மா!" என்றார். "இல்ல சாமி, சொன்ன சொல்லு சொல்லுதான்" என்றாள் அவள். அவள் மனசில் இருந்த கணக்கு சாமியாருக்கு எப்படித் தெரியும்? ஊர் சிலிர்த்துப்போனது. பாட்டு எடுத்தார்கள். அல்போன்ஸ் சாக்கைக் கொண்டுவந்து விரிக்கப் பார்த்தார். "எடுங்க அத்த!" என்று அவள் அதட்டினாள். ஜல்லி குத்தியது, கிழித்தது. ஒவ்வொரு குத்துக்கும் அவள் உள்ளுக்குள் கணக்குப் போட்டாள்: இதுக்கு நாலு நாள் எண்ணெய், இதுக்கு ஒரு வாரம். பீடத்துக்கு வந்து சேர்ந்தபோது கூட்டத்தில் அழாத கண் இல்லை. அமுதம்கூட மூக்கைச் சிந்திக்கொண்டே, கீரை தின்ற முட்டியின் பலத்தைப் பாருங்கள் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செலின் மேரி வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து வலிக்காகக் காத்திருந்தாள். தோல் உரிந்திருந்தது, எரிந்தது. அது மேல்வலி. உள்ளே பழைய வலி வருகிறதா என்று அழுத்திப் பார்த்தாள். மடக்கினாள், நீட்டினாள். குந்தினாள், எழுந்தாள். முன்னைக்கு இப்போது இன்னும் லேசாக இருந்தது. சாயங்காலம் வரைக்கும் பார்த்தாள். வீக்கம் கிடையாது, பிடிப்பு கிடையாது, ஒன்றும் கிடையாது. அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் அல்ல.

"கேக்கும்போது குடுத்துட்ட. இப்ப நானா திருப்பித் தர்றன், வாங்கிக்க மாட்டன்றியே!" என்று மாதா படத்தைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

மாதா வழக்கம்போல அமைதியாக இருந்தாள். வெளியே இருட்டத் தொடங்கியது. அல்போன்ஸ், பெண்டாட்டியின் பக்தியைப் பற்றிப் பெருமை பேசக் கள்ளுக்கடைக்குப் போய் நேரமாகிவிட்டது. செலின் மேரி எழுந்தாள். புடவையை உதறிக் கட்டிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, விறுவிறுவென்று தென்னந்தோப்பைப் பார்த்து நடந்தாள். நடையில் நொண்டல் இல்லை, மறைத்து வைக்க இனி எதுவும் இல்லை.

கள்ளுக்கடைக்கு அந்த ஊரில் எந்தப் பெண்ணும் போனதில்லை. அரிக்கேன் வெளிச்சத்தில் அவளைக் கண்டதும் ஆளாளுக்கு வேட்டியைச் சரிசெய்தார்கள். அல்போன்ஸுக்குப் பக்கத்தில் இருந்த இருசப்பன் கள்மொந்தையைத் துண்டால் மறைத்துக்கொண்டு எழுந்து நின்றே விட்டான்.

"இன்னாடி, இன்னா ஆச்சி? முட்டி வலிக்குதா?" என்று அல்போன்ஸ் பதறினார்.

ஆமாம் என்று சொன்னால் போதும். தோல் உரிந்த காலைக் காட்டினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அந்தப் பொய் அவள் நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

"வலிக்கல" என்றாள். "கொஞ்சமும் வலிக்கல. தை பொறந்ததுல இருந்தே வலிக்கல."

"அப்பறம்?"

"வூட்டுக்கு வாங்க. வந்து எண்ணெ தேச்சி வுடுங்க."

"வலிக்கலன்ற, அப்பறம் எண்ணெ இன்னாத்துக்கு?"

"நீங்க தேச்சிக்கினே பேசனா எனக்கு நல்லாருக்குது. நீங்க இங்க வந்து ஒக்காந்துக்கினா வூட்ல எனக்கு அழுகையா வருது." இவ்வளவையும் அவள் தன் வழக்கமான குரலில்தான் சொன்னாள். தோப்புக்கு அந்தப் பக்கம் மாடு கட்டிக்கொண்டிருந்தவனுக்கும் கேட்டிருக்கும்.

யாரும் சிரிக்கவில்லை. இருசப்பன் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அல்போன்ஸின் முகம் கள் ஏற்றிய சிவப்பையும் மீறிச் சிவந்தது. அவர் மொந்தையைக் கீழே வைத்தார், எழுந்தார், வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"எண்ணெ இருக்குதா? வாங்கிக்கினு போவணுமா?" என்று கேட்டார்.